குறவஞ்சி மேட்டிலிருந்து கோட்டை மன்றம் வரை

குற்றாலம் என்றவுடன் அருவி என்பர், சாரல் என்பர், தேனருவி, ஐந்தருவி என்று விரல் மடக்குவர். தமிழறிந்தோராயின் திரிகூடராசப்பக் கவிராயரையும் அவர் பாடிய குறவஞ்சியையும் சேர்த்துச் சொல்வர். தென்காசியை அடுத்த மேலகரத்துப் புலவர் அவர். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் இயற்றிய அந்நூல் சுவையுடையது என்பதைக் கோயில் வாயிலை மிதியாத நாமும் மறுப்பதில்லை. அந்தச் சுவையில் மயங்கிய மதுரை நாயக்க மன்னர் முத்து விசயரங்க சொக்கநாதர் புலவருக்கு நன்செய் நிலம் வழங்கினார். அந்நிலத்துக்குக் 'குறவஞ்சி மேடு' என்றே பெயர் நிலைத்தது.

பாட்டுக்கு நிலம் பரிசு. நன்று. ஆனால், குறவஞ்சி என்பது ஏட்டில் கிடந்து படிக்கப்படுவதற்கென்று தோன்றிய இலக்கிய வகை அன்று, ஆடப்படுவதற்கென்று தோன்றியது. தமிழகத்துக் கோயில் மண்டபங்களில் குறவஞ்சிகளை ஆடிக் காட்டியவர் யார்? பொட்டுக் கட்டப்பட்டு, கல்லுக்கு மனைவி என்று ஊரறியச் சொல்லப்பட்டு, கனவான்களுக்கு உடைமையாக்கப்பட்ட பெண்கள்! அவர்களுக்கும் நிலம் உண்டு, மானியம் என்ற பெயரால். இரண்டும் நிலந்தானே, வேறுபாடு என்ன என்று கேட்பீர்கள். புலவருக்குக் கிடைத்தது, பாடி முடித்ததற்கான பரிசு. ஆடியவளுக்குக் கிடைத்ததோ, இனியும் ஆட வேண்டும் என்பதற்கான கட்டு. அவள் ஓய்ந்தால் அவள் மகள் ஆட வேண்டும். மகள் இல்லையெனில் எங்கேனும் ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்துப் பொட்டுக் கட்ட வேண்டும். ஊழியம் நின்றால் நிலம் போகும், வீடு போகும், உலையில் அரிசி போகும். ஒருவனைப் பாராட்டிய மண், ஒருத்தியைப் பிணைத்த மண்ணாகவும் இருந்தது. கலை, கலை என்று உருகுவோர் இந்த நிலக் கணக்கைப் புரட்டிப் பார்ப்பதேயில்லை.

புரட்டிப் பார்த்தவர் ஒரு பெண். புரட்டிப் பார்த்த இடம் சென்னைச் சட்டமன்றம்.

அந்த மன்றத்துக்குள் பெண் எப்படி நுழைந்தாள் என்பதை முதலில் அறிவோம். 1919-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் பெண்களுக்கு வாக்குரிமை தரவில்லை. தருவதும் தராததும் அந்தந்த மாகாண மன்றத்தின் விருப்பம் என்று கைகழுவியது. நீதிக்கட்சி ஆட்சிப் பொறுப்பிலிருந்த சென்னை மாகாணந்தான், 1921-இல், பெண் என்பதற்காக வாக்குரிமை மறுக்கலாகாது என்று மற்ற மாகாணங்களுக்கு முன்னதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. சொத்துத் தகுதி என்னும் வேலி இருந்தது உண்மை. சொத்தே இல்லாத பெண்ணினத்துக்கு அது எத்தகைய வேலி என்பதும் தெரிந்ததே. எனினும் கதவு திறந்தது. வாக்களிக்கலாம் என்றானபின் மன்றத்தில் அமரலாம் என்பதற்கு இன்னும் ஐந்தாண்டு கடக்க வேண்டியிருந்தது. 1926 தேர்தலில் மங்களூரில் நின்ற கமலாதேவி சட்டோபாத்தியாய குறைந்த வாக்கு வேறுபாட்டில் தோற்றார். 1927-இல், நியமன உறுப்பினராக, டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் உள்ளே வந்தார். பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாண மன்றங்களில் அமர்ந்த முதல் பெண் அவரே.

1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தந்தை கல்லூரி முதல்வர். தாயார் சந்திரம்மாள், எந்தக் குலத்துப் பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்து விட்டார்களோ அந்தக் குலத்தில் தோன்றியவர். ஆண்கள் மட்டுமே பயின்ற மகாராசா கல்லூரியில் அவர் ஒருவரே பெண். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு அரசியல் மன்றத்துக்குப் போவதா என்று தயங்கிய அவரை மாதர் சங்கத்தார் வற்புறுத்தி அனுப்பினர். நூற்றுக்கு மேற்பட்ட ஆண்கள். நடுவே ஒரு பெண். உள்ளே சென்றதும் அவரை ஒருமனதாகத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். மாலைகள் குவிந்தன. மகிழ்ச்சிதான், ஆனால் மாலை போடுவதில் நம் நாட்டு ஆண்கள் என்றுமே தாராளமானவர்கள் என்பதை மறக்க வேண்டாம். கோயிலிலும் அவளுக்கு மாலைதான் போட்டார்கள்.

இங்கே தென்காசித் தோழர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அதே மன்றத்தில், 1927 முதல் 1930 வரை, உறுப்பினராக வீற்றிருந்தவர்களுள் ஒருவர் இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார். தென்காசியைச் சேர்ந்தவர், பின்னாளில் குற்றாலத்தில் குடியிருந்து, அதனைத் தமிழ்ச் சுவைஞர்களின் தலைநகராக்கி, 1954-இல் மறைந்தவர். கவிதையின் உணர்ச்சியை ஊருக்குச் சொன்ன அந்த மனிதர் வீற்றிருந்த மன்றத்தில்தான், குறவஞ்சி ஆடிய பெண்களின் கண்ணீர்க் கணக்கும் பேசப்பட்டது. இரண்டையும் ஒருசேர நினைக்கும்போது குற்றாலத்தின் பெருமை முழுமை பெறுகிறது என்பது என் எண்ணம். மன்றத்திலிருந்து விலகிய பின் 1930 முதல் 1935 வரை அவர் இந்து அறநிலைய வாரியத்தின் ஆணையராகவும் இருந்தார். அப்பதவியைக் குறிப்பிடக் காரணம் உண்டு. அம்மையார் மாற்றியமைத்த சட்டம் அந்த அறநிலையச் சட்டமே.

1927 நவம்பரில் அம்மையார் தீர்மானம் கொண்டுவந்தார்: கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக் கட்டி விடும் கொடுமையை ஒழிக்கச் சட்டம் இயற்றுக என்று. மன்றம் ஏற்றது. ஆனால், வெளியிலும் உள்ளிலும் எழுந்த கூச்சல் சிறிதன்று. ஆகமத்துக்கு இழுக்கு என்றனர் வைதீகர். கலை செத்துவிடும் என்றனர் கலைவாணர். சமயத்தில் சட்டம் தலையிடலாமா என்றனர் அரசியல்வாதிகள். அவர்களில் முதன்மையானவர், காங்கிரசின் வாய்வீச்சு வல்லுநர் சத்தியமூர்த்தி. வெள்ளையன் ஆட்சியில் எல்லாம் தலையிடலாம், எங்கள் தேவடியாள் முறையில் மட்டும் தலையிடலாகாது என்ற வாதத்தின் அழகை நாட்டு விடுதலை வரலாறு எழுதுவோர் மெல்ல ஒதுக்கி வைத்துவிடுகின்றனர். சத்தியமூர்த்திக்கு அம்மையார் கொடுத்ததாக நம் மேடைகளில் ஒரு சூடான பதில் வழங்கி வருகிறது. கேட்டவுடன் கைதட்டல் எழும். நான் அதை இங்கே எடுத்துச் சொல்லப் போவதில்லை. அந்தக் கைதட்டலில் அம்மையார் செய்த உண்மையான வேலை மறைந்து போகிறது.

எதிர்த்தவர்கள் ஆண்கள் மட்டும் அல்லர். அம்முறையில் வாழ்ந்த பெண்களே சங்கம் கூட்டி, மனுக்கள் எழுதி, எதிர்த்தனர். இசையரசி பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களுக்குத் தலைமை தாங்கினார். திருவையாற்றில் தியாகராசருக்குத் தம் பொருளைச் செலவிட்டு நினைவிடம் எழுப்பிய அதே நாகரத்தினம்மாள்! அடிமைத்தனத்துக்கு அடிமையே வக்காலத்து வாங்கினாள் என்று இதை எள்ளி நகையாடுவது எளிது. பகுத்தறிவாளர் அப்படி நகைக்கலாகாது. அந்தப் பெண்கள் அஞ்சியது எதற்கு? ஆகமத்துக்கா? நிலத்துக்கு! அக்காலத்தில் தமிழ்நாட்டுக் குடும்பங்களில் எந்தக் குலத்துப் பெண்ணுக்குத் தன் பெயரில் நிலம் இருந்தது? எந்தப் பெண் கையெழுத்திட்டு வீடு வாங்கினாள்? கல்விக்கும் சொத்துக்கும் ஓரளவு வழியிருந்த ஒரே பெண்குலத்தின் இடுப்பிலிருந்து அந்தச் சாவியையும் பிடுங்கிக்கொண்டு, 'போ, உனக்கு மானம் கிடைத்துவிட்டது' என்று சொன்னால், அவள் எங்கே போவாள்?

அம்மையார் இதை உணர்ந்திருந்தார். அந்தக் குலத்தின் மகளல்லவா! ஆகவே அவர் முதலில் பொட்டில் கை வைக்கவில்லை. பட்டாவில் கை வைத்தார். 1929-இல் இந்து அறநிலையச் சட்டத்தில் 44-ஏ என்றொரு பிரிவு சேர்ந்தது. அதன் சாரம் இதுதான்: கோயில் ஊழியத்துக்காக இப்பெண்களிடம் இருக்கும் மானிய நிலம் இனி ஊழியத்தோடு பிணைக்கப்பட்டதன்று, அரசு ஒரு வரி விதித்துவிட்டு ஊழியக் கட்டிலிருந்து நிலத்தை விடுவிக்கும், ஊழியம் செய்யாவிட்டாலும் நிலம் அவளுடையதே. மகளுக்குப் பொட்டுக் கட்டினால்தான் சோறு என்றிருந்த நிலை மாறிற்று. மகளைப் பள்ளிக்கு அனுப்பலாம், நிலம் போகாது. மேடைப் பேச்சில் வராத, மேற்கோளுக்கு உதவாத, உலர்ந்த சட்ட வாசகம் அது. ஆனால் பல நூறாண்டுக் கட்டு அந்த வாசகத்தால்தான் தளர்ந்தது. தோழர்களே, சட்டசபையில் பேசுவது வேறு, சட்டம் செய்வது வேறு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று எனக்குத் தெரியாது.

இனி, குற்றாலத்திலிருந்து சில கல் தொலைவு மேற்கே நடப்போம். செங்கோட்டை. அதே மலை, அதே சாரல், அதே தமிழ். ஆயினும் 1956 நவம்பர் முதல் நாள் வரை அது அயல் அரசு. திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்–கொச்சி. அங்கே 1924 முதல் 1931 வரை அரியணைப் பொறுப்பில் இருந்தவர் ஒரு பெண், சேது லட்சுமி பாய். அவருடைய ஆட்சிக் காலத்தில் அந்நாட்டுக் கோயில்களில் தேவதாசி முறை அரசாணையால் நிறுத்தப்பட்டது. மைசூரில் அதற்கும் முன்னதாகவே, 1909–10 அளவில், அரசு நிறுத்திவிட்டது. திருவிதாங்கூரில் மேரி பூனன் லூகோசு என்னும் பெண் மருத்துவர் 1920-களின் முற்பகுதியிலேயே சட்ட அவைக்கு நியமனம் பெற்றார் என்பதையும் சொல்லியாக வேண்டும். 'முதல் பெண்' என்ற பட்டத்தில் நாம் 'பிரிட்டிஷ் இந்தியாவில்' என்ற சொல்லைச் சேர்ப்பது அதனால்தான்.

ஆக, எல்லைக் கல்லுக்கு அப்பால் ஆணை எழுதினார்கள், முடிந்தது. எல்லைக் கல்லுக்கு இப்பால் தென்காசியில் என்ன ஆயிற்று? 1927-இல் தீர்மானம், 1929-இல் நிலத்துக்கு விடுதலை, பொட்டுக் கட்டுவதையே குற்றமாக்கும் சட்டம் வந்ததோ 1947-இல். இருபது ஆண்டு! 'பார்த்தீர்களா, மன்னராட்சியே மேல்' என்று மகிழ்வோர் இருப்பர். மகிழ வேண்டாம். மன்னர் தம் ஆணையால் கொடுத்ததை மற்றொரு மன்னர் தம் ஆணையால் எடுத்துவிடலாம். மன்றத்தில் வாதாடிப் பெற்றதை அப்படி எடுக்க இயலாது. எனினும் இருபது ஆண்டு ஏன் ஆயிற்று என்ற கேள்விக்கு விடை சொல்லித்தானே ஆக வேண்டும்?

விடை இது: மன்றத்தில் அம்மையார் ஒருவராக இருந்தார். 1930-இல் பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் முழு மசோதாவை அவர் கொண்டு வந்தார். கருத்தறிய அனுப்புவோம் என்று அரசு அதைச் சுற்றுக்கு விட்டது. அவ்வாண்டிலேயே காந்தியார் சிறைப்பட்டதைக் கண்டித்து அம்மையார் பதவி விலகினார். அவர் நோக்கில் அது தியாகம். குறை கூற நாம் யார்? ஆனால் தாயில்லாப் பிள்ளையாயிற்று மசோதா. பேச்சில் ஆதரித்தோர் பலர்; தம் வேலையென்று எடுத்துச் செய்வோர் இல்லை. தமக்கு நேர்ந்ததையெல்லாம் 'சட்டமன்ற உறுப்பினராக என் அனுபவம்' என்ற பொருளுடைய ஆங்கில நூலில் அவ்வாண்டே அம்மையார் எழுதி வைத்தார். சட்டமன்றத்தில் பெண்கள் படும் பாட்டை அறிய விரும்பும் இளைஞர் தொடங்க வேண்டிய நூல் அது.

மன்றத்தில் ஆளில்லாத அந்த ஆண்டுகளில் போரை மக்கள் மன்றத்தில் நடத்தியது நம் இயக்கம். 'குடி அரசு' ஏடு அம்மையாரின் முயற்சியைத் தன் முயற்சியாகவே எண்ணி எழுதியது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரோ, தாம் பட்டதையும் கண்டதையும் ஊர் ஊராகச் சென்று பேசினார். கல்லெறிக்கும் அஞ்சாமல் பேசினார். 1936-இல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்ற நாவலாகவும் எழுதினார். சட்டசபையின் வாயிற்படியை உறுப்பினராக மிதிக்காத பெண் அவர். உள்ளே ஒரு மருத்துவர், வெளியே ஒரு மூவலூரார். இருவரும் இல்லையேல் 1947-ஆம் ஆண்டுச் சட்டம் இல்லை. 1968 சூலையில் மறைந்த முத்துலட்சுமி அம்மையார் அச்சட்டம் வந்ததைக் கண்ணாரக் கண்டார். 1962-இல் மறைந்த இராமாமிர்தம் அம்மையாரும் கண்டார்.

துணைத் தலைவர் பதவி பற்றிச் சொன்னேன். அதன் பின்கதை வேடிக்கையானது. 1937-இல் சட்டசபைக்கு வந்த உருக்மணி இலட்சுமிபதி அம்மையாரைத் துணை அவைத்தலைவர் ஆக்கினார்கள். 1946-இல் அமைந்த சபையில் அம்மன்ன இராசா அம்மையார் துணை அவைத்தலைவர். துணை, துணை, துணை! அவைத்தலைவர் நாற்காலியோ வேறு. நெல்லைச் சீமைக்கும் அந்த நாற்காலிக்கும் ஒரு நெருங்கிய உறவு உண்டு: செல்லப்பாண்டியன், ஆதித்தனார், பி. எச். பாண்டியன், ஆவுடையப்பன், 2021-இல் பொறுப்பேற்ற அப்பாவு என ஐவரைப் பழைய திருநெல்வேலி மாவட்டம் அந்த நாற்காலிக்கு அனுப்பியிருக்கிறது. ஐவரும் ஆடவர். நெல்லைச் சீமையை மட்டும் குறை கூறுவானேன்? 1937-இல் தொடங்கி அப்பாவு வரை, அந்த நாற்காலியில் தலைவராக எந்த ஊர்ப் பெண்ணும் அமர்த்தப்படவில்லை.

அமைச்சரவையில்? அங்கும் ஒரு பின்கட்டு உண்டு. உருக்மணி அம்மையார் 1946-இல் அமைச்சரானபோது தரப்பட்டது பொது சுகாதாரம். இராசகோபாலாச்சாரியார் அமைச்சரவையில் சோதி வெங்கடாசலம் அம்மையாருக்கு மதுவிலக்கும் மாதர் நலமும். பின்னர் 1962-இல் மீண்டும் சுகாதாரம். நிதியும் காவலும் தொழிலும் கூடத்தில், நலத்துறைகள் அடுக்களையில்! சற்றே விலகி நின்ற ஒரு பெயர் லூர்தம்மாள் சைமன். 1957-இல் குளச்சலிலிருந்து வந்த அந்த அம்மையாருக்குக் காமராசர் உள்ளாட்சியையும் மீன்வளத்தையும் தந்தார். முந்திய ஆண்டுதான் செங்கோட்டையோடு சேர்ந்து தமிழகத்தோடு இணைந்த குமரி மாவட்டம், வந்த மறு ஆண்டே ஒரு பெண் அமைச்சரைத் தந்தது; கடல் தெரிந்த பெண்ணிடம் கடலைக் கொடுத்தார்கள். அறிவுடைய செயல்.

நம் கணக்கையும் ஒளிக்காமல் எழுதுவோம். 1957-இல் திராவிட முன்னேற்றக் கழகத்தார் 15 பேர் சட்டசபைக்குள் சென்றனர். அவர்களுள் பெண் ஒருவரே: பெரம்பூரில் வென்ற சத்தியவாணி முத்து அம்மையார். 1953-இல் குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்துச் சிறை சென்றவர்; தாழ்த்தப்பட்ட சமுதாயத்தில் பிறந்து, பெண்ணென்றும் தாழ்த்தப்பட்டோர் என்றும் இரட்டைச் சுமை சுமந்தவர். 1967-இல் அண்ணா அமைத்த அமைச்சரவையில் ஒன்பது பேர். பெண், மறுபடியும், அவர் ஒருவரே. அந்த அமைச்சரவைதான் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்புத் தந்தது. புரோகிதர் ஓதாவிட்டால் மனைவி மனைவியல்லள், பிள்ளை பிள்ளையல்லன் என்றிருந்த நிலையை ஒழித்த சட்டம் அது. ஆயிரமாயிரம் இயக்கப் பெண்களின் வயிற்றில் பாலை வார்த்த சட்டம். அதை மறப்பவன் நன்றி கொன்றவன். ஆனால், 1974-இல் சத்தியவாணி முத்து அம்மையார், தம் மக்களின் குரலுக்கு உரிய மதிப்பு இல்லை என்று கூறி வெளியேறித் தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் கண்டார் என்பதையும் மறக்கலாகாது. ஒருவராக நிற்கும் பெண் களைத்துப் போவாள். 1930-இல் ஒருவர்; 1974-இல் ஒருவர்.

நிலத்தில் தொடங்கினேன், நிலத்துக்கே திரும்புகிறேன். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்கு ஆணோடு சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. 44-ஏ பிரிவு வந்ததும் அதே 1929. ஒரே ஆண்டில் இரண்டு குரல்: கோயில் பெண்ணின் நிலம் அவளுக்கே என்று மன்றத்தில் ஒன்று; குடும்பப் பெண்ணுக்கும் நிலம் வேண்டும் என்று மாநாட்டில் மற்றொன்று. முதற்குரல் உடனே சட்டமாயிற்று. இரண்டாவது குரல் சட்டமாக 60 ஆண்டு காத்திருந்தது. 1989-இல்தான் கலைஞர் ஆட்சி இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் தமிழகத்துக்குத் திருத்தியது. 1989 மார்ச்சு 25-ஆம் நாளைக் கணக்கில் கொண்டு, அன்று மணமாகாதிருந்த பெண்களுக்குக் குடும்பச் சொத்தில் ஆண்மக்களோடு ஒத்த பங்கு என்றாக்கியது. இந்தியா முழுமைக்கும் அது வர 2005 வரை ஆயிற்று. கோயில் பெண்ணின் கட்டை அறுக்கும்போது நட்டப்பட்டது கோயில். மகளுக்குப் பங்கு கொடுக்கும்போது நட்டப்படுவது வீட்டு ஆண். 60 ஆண்டுத் தாமதத்துக்கு வேறு விளக்கம் தேட வேண்டுமோ?

அந்த நாளைச் சற்று உற்றுப் பாருங்கள்: 1989 மார்ச்சு 25. மகளுக்குச் சொத்துரிமை தொடங்கும் நாளாகச் சட்டத்தில் எழுதப்பட்ட அதே நாளில், கோட்டைச் சட்டசபையில் நிதிநிலை அறிக்கை படிக்கும் வேளையில், அடிதடி மூண்டது. எதிர்க்கட்சித் தலைவராக அமர்ந்திருந்தவர் செயலலிதா அம்மையார். தமிழகச் சட்டசபையில் அப்பொறுப்பேற்ற முதல் பெண். தம்மைத் தாக்கினர், சேலையைப் பிடித்து இழுத்தனர் என்று அவர் குற்றம் சாட்டினார். கலைந்த தலையோடு வெளியே வந்தார். ஆளுங்கட்சியினர் மறுத்தனர், முதலில் தாக்கப்பட்டவர் முதலமைச்சரே என்றனர். எவர் சொல் எவ்வளவு உண்மை என்று தீர்ப்பளிக்க நான் அமரவில்லை. ஒன்றை மட்டும் கேட்கிறேன். ஒரு பெண் உறுப்பினர் சட்டசபைக்குள் தம் உடைக்குப் பாதுகாப்பில்லை என்று சொல்லும் நிலை ஏற்பட்டதே, அது யார் ஆட்சியில் நேர்ந்தால் என்ன, பெண் விடுதலை பேசிய இயக்கத்தார் தலை நிமிர்ந்து நிற்க முடியுமா? எதிர்க்கட்சிப் பெண்ணானாலும் பெண்ணே. அவருடைய அரசியலை நூறு மேடையில் சாடலாம்; அந்த நாளை ஒரு மேடையிலும் நியாயப்படுத்தலாகாது. இரண்டு ஆண்டு கழித்து, 1991-இல், அவர் முதலமைச்சராக அதே அவைக்குத் திரும்பினார். காவல்துறை அவர் கையில் இருந்தது; 1992-இல் மகளிர் காவல் நிலையம் என்ற அமைப்பு தோன்றியது. பின்கட்டிலிருந்து கூடத்துக்கு ஒரு பெண் வந்தால் என்ன செய்ய இயலும் என்பதற்கு அது ஒரு சான்று; அவருடைய ஆட்சியின் மற்றப் பக்கங்களுக்கு அது மன்னிப்புச் சீட்டு அன்று.

தென்காசிக்கு வருவோம். 1952 முதல் 2021 வரை சட்டசபைக்குப் பதினாறு பொதுத் தேர்தல்கள் நடந்தன. குற்றாலத்தையும் மேலகரத்தையும் உள்ளடக்கிய தென்காசித் தொகுதி பதினாறு முறையும் ஆடவரையே அனுப்பியது. காங்கிரசார் வென்றனர், சுயேச்சை வென்றார், இரு கழகத்தாரும் வென்றனர், திரைப்பட நடிகரும் வென்றார். எல்லாக் கட்சிக்கும் இடம் தந்த ஊர், பெண்ணுக்கு மட்டும் தரவில்லை. ஊரைக் குறை கூறுவதும் முறையன்று. வாக்காளர் முன் பெண்ணை வேட்பாளராக நிறுத்தும் துணிவு பெருங்கட்சிகளுக்கு எத்தனை முறை வந்தது என்றல்லவா கேட்க வேண்டும்?

துணிந்த இடங்களில் மக்கள் மறுக்கவில்லை. பக்கத்து ஆலங்குளம் 2006-இலும் 2016-இலும் பூங்கோதை ஆலடி அருணாவைத் தேர்ந்தெடுத்தது. அவரும், முத்துலட்சுமி அம்மையாரைப் போல, மருத்துவர். அமைச்சரானார், முதலில் கிடைத்தது எது என்று நினைக்கிறீர்கள்? சமூக நலம்! தகவல் தொழில்நுட்பம் பின்னர்தான் வந்தது. தாழ்த்தப்பட்டோருக்கான தனித்தொகுதியாகிய சங்கரன்கோயில், 2012 இடைத்தேர்தலில் முத்துச்செல்வியையும் 2016-இல் இராசலட்சுமியையும் அனுப்பியது. இராசலட்சுமிக்குக் கிடைத்த துறை ஆதிதிராவிடர் நலம். பின்கட்டின் தாழ்ப்பாள் இன்னும் துருப்பிடிக்கவில்லை. எனினும் ஒன்றைக் கவனியுங்கள். மேட்டுக்குடியினர் செல்வாக்குச் செலுத்தும் பொதுத் தொகுதியில் காணாத பெண்ணை, ஒடுக்கப்பட்டோரின் தனித்தொகுதி இருமுறை அடுத்தடுத்து வெற்றி பெறச் செய்தது. யார் பின்தங்கியவர் என்பதை வாக்குப் பெட்டி சில வேளைகளில் தலைகீழாகக் காட்டுகிறது.

2023-இல் நாடாளுமன்றம் 106-ஆம் அரசியல் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. மக்களவையிலும் சட்டப்பேரவைகளிலும் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்ணுக்கு என்றது. என்றைக்கு? மக்கள்தொகைக் கணக்கெடுத்து, தொகுதி மறுவரையறை செய்த பிறகு என்று அதே சட்டம் கட்டுப் போட்டு வைத்தது. நிலத்தைக் கொடுத்து ஊழியத்தோடு கட்டிய பழைய மானியம் நினைவுக்கு வருகிறது. இங்கே உரிமையைக் கொடுத்துக் காலண்டரோடு கட்டினார்கள்.

ஊராட்சிகளில் இத்தகைய கட்டு இல்லை. 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் மூன்றில் ஒரு பங்கு தந்தது. 2016-இல் அது சரிபாதி ஆயிற்று. கணவன் பின்னிருந்து ஆட்டுவிப்பான், மனைவி கையெழுத்து மட்டும் போடுவாள் என்று ஏளனம் பேசினர். சில ஊர்களில் அப்படித்தான் நடந்தது. ஆனால் கையெழுத்துப் போடும் பெண், எதற்குப் போடுகிறோம் என்று ஒரு நாள் வாசித்துப் பார்ப்பாள். வாசித்த பின் அவள் பழைய பெண் அல்லள். 2019-இல் தனி மாவட்டமான தென்காசியில், முதல் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2021 அக்டோபரில் நடந்தது. இடங்களில் பாதி பெண்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. அதே 2021-இன் மே மாதத்தில், எந்த ஒதுக்கீடும் இல்லாத சட்டசபைக்குத் தமிழகம் அனுப்பிய 234 பேரில் பெண்கள் 12 பேர்.